வேணும்னே விட்ட பந்து

பலவேசத்தை முதன்முதலில் கெடுத்தவர் டிரில் மாஸ்டர் குற்றாலிங்கம். பின்னால் எத்தனையோ பேர் வந்து சேர்ந்தார்கள், உடன்பிறந்த அண்ணன், மனைவியின் தம்பி, மரக்கடையில் கூடவே இருந்து ஆளைக் கவிழ்த்த ஒருத்தன், ஆனால் முதல் இடம் குற்றாலிங்கத்துக்குத்தான், அதை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனசு வராது. அந்த ஆள் செத்தே பல வருடம் ஆகிவிட்டது. செத்தால் என்ன. எங்காவது ஒரு மைதானத்தில் விசில் ஊதினால் போதும், பலவேசத்துக்கு இடது தோள் கனத்துப்போகும். இப்போதும் கனக்கிறது, மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே வலை கட்டியிருக்கிறது, டிரில் டீச்சர் ஜெபக்கனி மிஸ் ஊதின விசில் நேராகத் தோளில் வந்து இறங்குகிறது. குற்றாலிங்கம் டீம் எடுக்கிற விதமே தனி. பெயர் வாசிக்க மாட்டார். பையன்களை வரிசையாக நிற்க வைத்துப் பின்பக்கமாக நடந்து வருவார், யார் தோளில் கை விழுகிறதோ அவன் ஜில்லா வாலிபால் போட்டிக்குப் போகிறான் என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது. செருப்புச் சத்தம் கிட்டே வரும், மூக்குப்பொடி வாசம் வரும், பிறகு கை. பலவேசத்தின் தோளில் அந்தக் கை விழுந்தது, விழுந்து ஒரு அழுத்து அழுத்தியது, அதைத் தெருவெல்லாம் சொல்லியாயிற்று, அக்கா சாக்பீஸைக் கரைத்து யாரோ கொடுத்த கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசிக் கொடுத்தாள், விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அவருடைய இடத்தில் ஜன்னலோரமாக மில் முதலாளியின் தங்கச்சி மகன் உட்கார்ந்திருக்கிறான். "நீ அடுத்த வருசம் வாலே" என்றார் குற்றாலிங்கம், படியில் நின்றுகொண்டு, முகத்தைக்கூடச் சரியாகத் திருப்பாமல். பஸ் போய்விட்டது. அடுத்த வருடம் பலவேசம் பள்ளிக்கூடத்திலேயே இல்லை. அந்த பஸ்ஸில் போனவர்களில் ஒருத்தன் ரயில்வேயில் சேர்ந்தான், ஒருத்தன் போலீஸ், ஜன்னலோரத்துக்காரன் துறைமுகத்தில் பெரிய ஆளாகி, போன தைப்பூசத்துக்குக் காரில் வந்து இறங்கினான், எல்லாம் விளையாட்டுக் கோட்டா. பலவேசம் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு கை, தோளில் வைத்தது வைத்தபடி இருந்திருந்தால்.

சரி, அதை விடு, பந்தைப் பார். கோமதி எங்கே. நெட்டுக்கு அந்தப் பக்கம், சிவப்பு ரிப்பன், அவள்தான், காலம் தப்பிப் பிறந்த ஒற்றைப் பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு, அவளுக்கு இருக்கிற உயரம் இந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இல்லை, அது யார் கொடுத்த உயரம். இரண்டு வருடம் இந்த டீமில் ஆடினால் போதும், அரசாங்க இன்ஜினியரிங் காலேஜில் கோட்டாவில் ஒரு இடம், பிறகு வேலை, பிறகு எவன் காரில் வந்து இறங்கினால் என்ன. இதைத்தான் காலையில் ஆட்டோவில் வரும்போதும் சொன்னார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தார். அப்போதுதான் கேட்டாள், "யப்பா, நான் செலெக்ட் ஆகலன்னா விட்டுருவீகளா?" "ஏன் ஆகாம போற?" "ஆகலன்னா." "ஆகாம போனா பெறகு பேசுவோம்." இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த 'ஆகலன்னா' தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது, சோற்று உருண்டை விழுங்கியும் இறங்கவில்லை, வாழைப்பழம் விழுங்கியும் இறங்கவில்லை என்பது போல, பேசிப் பார்த்தும் போகவில்லை, பேசாமல் இருந்து பார்த்தும் போகவில்லை. என்ன கேள்வி அது. பயந்து கேட்டாளா, திட்டம் போட்டுக் கேட்டாளா. பயந்து கேட்கிற பிள்ளைக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். இவளுக்கு இறங்கவில்லை. கடையில் விலை கேட்பது மாதிரி கேட்டாள்.

சர்வீஸ் போட வருகிறாள். பந்தை இரண்டு முறை தரையில் தட்டுகிறாள், தூக்கிப் போடுகிறாள், அடிக்கிறாள், பந்து வலையின் வயிற்றில் போய் விழுகிறது. மிஸ் கையை ஆட்டுகிறாள், இன்னொன்று. இந்தத் தடவை பந்து கோட்டுக்கு வெளியே, வெகு தூரம் வெளியே, வேப்பமரத்தடியில் போய் உருளுகிறது. வேண்டுமென்றே விட்டாளா. வேண்டுமென்றே விடுகிறவளுக்கு இவ்வளவு தூரமா போகும், பக்கத்தில் விடமாட்டாளா, இல்லை, பக்கத்தில் விட்டால் சந்தேகம் வரும் என்று தூரத்தில் விட்டாளா. வெயில் வேறு கண்ணில் அடிக்கிறது. அந்த மிஸ்ஸாவது இடத்தை மாற்றிப் போடக் கூடாதா, கிழக்கே பார்த்து நிற்க வைத்தால் எந்தப் பிள்ளைதான் சர்வீஸ் போடும், அதற்கும் ஏதோ கணக்கு இருக்கும், முதலிலேயே வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருப்பாள், எல்லா டிரில் மாஸ்டரும் ஒரே ஜாடைதான், மீசை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மிஸ்ஸை முறைத்தார். மிஸ் அவரைக் கவனிக்கவில்லை. கோமதி கவனித்தாள். வலைக்கு மேலே ஒரு கணம் அவளுடைய கண் வந்து அவர் முகத்தில் நின்றுவிட்டுப் போயிற்று.

"என்ன அண்ணாச்சி, பாப்பா இன்னைக்கு டல்லா இருக்கு, காச்சலா?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சர் கடை சேவியர் கேட்டார். அவருடைய மகள் ஸ்டெபினாவும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறாள், குட்டையான பெண், முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு, எந்தப் பந்துக்கும் விழுந்து புரளுகிறாள். "காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, வெயிலு" என்றார் பலவேசம். "எங்க குட்டிக்கு உசரம் பத்தாது அண்ணாச்சி. ராத்திரியில கதவுல தொங்கிப் பாக்குதா, வளருதான்னு. நான் சொன்னேன், ஏட்டி, கதவுதான் வளரும்னு." அவரே சிரித்துக்கொண்டார். பலவேசம் சிரிக்கவில்லை. இந்த ஆளுக்கு எதற்குச் சிரிப்பு. பதினொரு பிள்ளைகளை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், மீதி ஒரு இடம், அதற்குத்தான் இன்றைக்கு இந்தக் கூத்து, அந்த ஒரு இடத்துக்கு நிற்பது நாலு பேர், அதில் ஒருத்தி இவருடைய மகள், சிரிக்கிறார். பலவேசம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதும் பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள்.

ரயில்வே கேட்டில் நின்றபோது வேறொன்றும் சொன்னாள் அல்லவா. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரமும் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பந்து வெளியே போகப் போக அது உள்ளே வருகிறது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடிகிற பாடில்லை, அந்தச் சத்தத்தில் அவள் சொன்னாள், "குளத்து மரத்த வெட்ட விடாம பண்ணது எவன்னு கேட்டுக்கிட்டே இருப்பீகள்லா. கலெக்டர் ஆபீசுல போய்ப் பேசுனது நான்தான்பா." பேராத்துக் குளத்துக்குள் நிற்கிற கருவேல மரம். அதை ஏலம் விட்டு வெட்டி, கரிமூட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற லோடு பலவேசத்துடையது, வருடத்தில் அவருக்கு நிம்மதியான காலம் என்றால் அதுதான். போன வருடம் ஆட்கள் அரிவாளோடு குளத்துக்குள் இறங்கின அன்றைக்கு நிறுத்து என்று உத்தரவு வந்தது. மரத்தில் கூடு இருக்கிறதாம், கூட்டில் குஞ்சு இருக்கிறதாம், குஞ்சு பறந்த பிறகுதான் வெட்ட வேண்டுமாம். குஞ்சு பறப்பதற்குள் குளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, வெட்டவும் இல்லை, லோடும் இல்லை. அந்தச் சீசன் முழுக்க அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏசினார். எந்த எடுபட்ட பய போய்ச் சொன்னானோ, அவன் வெளங்குவானா, அவன் கை வெளங்குமா, அவனைப் பெத்தவன் நல்லா இருப்பானா. பெற்றவன். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த கோமதி, "ரசம் ஊத்தவா யப்பா" என்று கேட்டாள். ஊற்றவும் செய்தாள். எத்தனை நாள். முகம் தெரியாத அந்தப் பயலுக்கு அவர் மனசுக்குள் ஒரு முகம் செய்து வைத்திருந்தார், கண்ணாடி போட்ட முகம், டவுன்காரன் முகம், தோளில் காமிரா, அவனை எங்கேயாவது பார்த்தால் கேட்க வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தார். இப்போது அந்த முகத்தை எடுத்துவிட்டு இந்தச் சிவப்பு ரிப்பனை வைக்க வேண்டியிருக்கிறது, வைத்தால் பொருந்த மாட்டேன் என்கிறது, எடுத்தால் அந்த இடம் காலியாக இருந்து அரிக்கிறது. அப்படியானால் மனைவி செண்பகத்துக்கும் தெரிந்திருக்கும். அவள் பெற்ற அம்மாதானே, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளை மனு வாங்குகிற திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனதென்றால் தெரியாமலா இருக்கும். அவர் பெற்றவனை ஏசும்போதெல்லாம் செண்பகம் அடுப்பங்கரைக்கு எழுந்து போனாளே, தண்ணீர் எடுக்கவா போனாள், சிரிக்கப் போனாள்.

பிள்ளை பறவை பார்க்கிறதாம். விடிகிறதுக்கு முன்னால் குளத்தங்கரைக்குப் போய், நெல்லையிலிருந்து வருகிற ஒரு கூட்டத்தோடு நின்றுகொண்டு, நத்தைகுத்தி நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை என்று எண்ணுகிறதாம். ஒரு வருடமாக நடக்கிறது. வாலிபால் பயிற்சியும் அதே நேரம், விடியற்காலமும் சாயங்காலமும், இரண்டையும் செய்ய முடியாது, ஒன்றை எடுத்தால் ஒன்றை விட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒரு அம்மா வந்து பேசினாளாம், வடக்கே ஒரு காலேஜ் இருக்கிறதாம், பீஸ் கிடையாதாம், அங்கே மார்க்கை மட்டும் பார்க்க மாட்டார்களாம், படிப்பைத் தவிர நீ என்ன செய்தாய், விடாமல் செய்தாயா, உன்னால் எது மாறியது என்று கேட்பார்களாம். "குருவி எண்ணுனதுக்குக் காலேஜில எடம் கொடுக்கானா? அப்ப நம்ம தெருக் கோழியெல்லாம் நான் எண்ணுதேன், எனக்கும் கொடுப்பானா?" என்று ரயில்வே கேட் திறப்பதற்குள் கேட்டார். "கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். அந்த வாய் யாருடைய வாய், அதுவும் அவருடையதுதான். ஆனால் உன்னால் எது மாறியது என்று அந்தக் காலேஜில் கேட்டால் இவள் என்ன சொல்லுவாள். மரம் வெட்டுவது நின்றது என்று சொல்லுவாள். எங்க அப்பாவுக்கு லோடு நின்றது என்று சொல்லுவாளா. அதைச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மை. சொன்னால் அதற்கும் கைதட்டுவார்களோ என்னவோ, முகம் தெரியாத ஊரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

பந்து மேலே எழும்பிற்று. ஏதோ ஒரு பெண் தூக்கிக் கொடுத்த பந்து, நல்ல உயரம், வலைக்கு ஒரு முழம் அவள் பக்கம், அப்படி ஒரு பந்து கிடைக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பலவேசத்தின் முழங்கால் பெஞ்சிலிருந்து தானாக எழுந்தது. விடப் போகிறாள். இதையும் விடப் போகிறாள். விட்டால் எழுந்து போய்விட வேண்டும், ஆட்டோவை எடுத்துக்கொண்டு, அவள் நடந்து வரட்டும். கோமதி ஓடி வந்தாள், மூன்று எட்டு, இரண்டு கையும் பின்னால் போய் முன்னால் வந்தது, அவள் மேலே போனாள், போய் அங்கேயே கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது, பிறகு கை இறங்கியது. பந்து தரையில் விழுந்த சத்தம் சுற்றுச்சுவரில் மோதித் திரும்பி வந்தது. சேவியர் "யம்மா" என்றார். எதிர்ப் பக்கம் நின்ற பெண்கள் யாரும் அசையவே இல்லை. இது கள்ளத்தனம் செய்கிற கை இல்லை. அல்லது இதுவரை செய்தது, இப்போது மறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் ஒரு பந்தைக்கூட விடவில்லை. சர்வீஸ் கோட்டின் மூலையில் போய் விழுந்தது, மறுபடியும் அதே மூலையில் விழுந்தது, பின்னால் ஓடி எடுத்தாள், ஸ்டெபினா விழுந்து எடுத்துக் கொடுத்த பந்தையெல்லாம் அடித்துத் தள்ளினாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. வீட்டைக் கூட்டி முடித்துவிட்டுப் போக வேண்டும் என்கிற அவசரத்தோடு விளக்குமாறு பிடிக்கிற முகம் மாதிரி இருந்தது. பலவேசம் அதையும் பார்த்தார், பார்க்காத மாதிரி நினைத்துக்கொண்டார். ஆடட்டும். முகம் எப்படி இருந்தால் என்ன, இடம் கிடைத்தால் முகம் தானாகச் சிரிக்கும். பல வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்கு மூச்சு அடி வயிறு வரைக்கும் போய் வந்தது.

விசில். பிள்ளைகள் கூடினார்கள். ஜெபக்கனி மிஸ் எல்லாருக்கும் கேட்கும்படி, "கோமதி" என்றாள். மற்ற மூன்று பிள்ளைகளில் ஸ்டெபினா மட்டும் அழவில்லை, காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள். சேவியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலவேசம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். கோமதி மிஸ்ஸிடம் ஏதோ சொல்லுகிறாள். இவ்வளவு நேரம் எதற்குச் சொல்லுகிறாள். மிஸ் அவளைப் பார்த்தாள், பிறகு பெஞ்சைப் பார்த்தாள், இரண்டு பேருமாக நடந்து வந்தார்கள்.

"ஐயா, உங்க பிள்ளைய எடுத்தாச்சு" என்றாள் மிஸ். "ஆனா அவ வேண்டாங்கா. மனசில்லாத பிள்ளைய வச்சு ரெண்டு வருசம் நான் என்ன செய்ய? இருந்தாலும் பெத்தவங்க நீங்க சொல்லணும். நீங்க வரணும்னு சொன்னா வருவேன்னு சொல்லுதா."

"கோட்டா?" என்றார் பலவேசம். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

"ஸ்கூல் டீம்ல இருந்தா மட்டும் கோட்டா கெடைக்காதுங்க ஐயா, ஸ்டேட் வரைக்கும் ஆடணும். நான் பொய் சொல்ல மாட்டேன், இவ மனசு வச்சா அது வரைக்கும் போவா."

பலவேசம் மகளைப் பார்த்தார். மூக்கு நுனியில் வேர்வை நிற்கிறது, மூச்சு இன்னும் அடங்கவில்லை, மணிக்கட்டு சிவந்திருக்கிறது. "வேண்டாம்னா எதுக்குட்டி இந்த ஆட்டம் ஆடுன? மொதல்ல மாதிரியே விட்டுட்டுப் போவ வேண்டியதுதான?"

"விட்டேன். ரெண்டு பந்த வேணும்னேதான் விட்டேன்" என்றாள் கோமதி. "அப்பறம் உங்க மூஞ்சியப் பாத்தேன். மிஸ்ஸ முறைச்சிக்கிட்டு இருந்தீக. நான் தோத்துப் போனா, என் பிள்ளைய இந்தப் பொம்பள கழிச்சுட்டாள்னு சாகிற வரைக்கும் இவங்கள ஏசுவீக. இவங்க என்ன பாவம் பண்ணாங்க. அதான் ஆடுனேன். என்னைய யாரும் கழிக்கல. நான்தான் வேண்டாங்கேன். ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

மிஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் அப்படியே நின்றது. பலவேசத்துக்கு ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக எத்தனையோ வந்தது. வா என்று சொன்னால் வருவாள், சொல்லிவிட்டால் போதும், ஒரு வார்த்தை, ஸ்டேட் வரைக்கும் போவாள் என்று மிஸ்ஸே சொல்லிவிட்டாள். வருவாள், ஆடுவாள், அந்த விளக்குமாறு முகத்தோடு இரண்டு வருடம் ஆடுவாள், பிறகு ஒரு நாள், எந்த வயதிலோ, எந்த ஊரிலோ, சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஏசுவாள். முதலில் கெடுத்தது யார் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பெயர் சொல்லுவாள். அந்தப் பெயர் அவர் காதில் நன்றாகக் கேட்டது, அவளுடைய குரலிலேயே, ஒரு எழுத்து குறையாமல். செத்த பிறகும் விடமாட்டாள். பலவேசம் விட்டாரா?

"அந்தக் குட்டைப் பிள்ளையப் போடுங்க" என்றார்.

சேவியர் எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்றார். அந்தப் பக்கம் ஸ்டெபினா ஒரு சத்தம் போட்டாள். பலவேசம் கையை உருவிக்கொண்டார். நன்றி சொல்ல வேண்டிய ஆள் சேவியர் இல்லை, சேவியருக்காக அவர் ஒன்றும் செய்யவும் இல்லை. விறுவிறுவென்று நடந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். கோமதி ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே பின்னால் வந்து ஏறினாள். "தேங்க்ஸ்பா" என்றாள். சரி, சொல்லிவிட்டாள், ஆனால் இது அந்த வார்த்தை இல்லை. போன வருடம் குளத்துக்கரையில் ஆட்டோ சும்மா நின்றதே, தினமும் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாரே, அதைப் பார்த்துக்கொண்டுதானே நீ பள்ளிக்கூடம் போனாய், அதற்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் செய்தது தப்புதான்பா என்று ஒரு வார்த்தை. குற்றாலிங்கம் சொல்லவில்லை, அண்ணன் சொல்லவில்லை, அவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒருத்தராவது சொன்னால் போதும் என்று இருந்தது அவருக்கு, யார் சொன்னாலும் சரி, இவள் சொன்னால் இன்னும் நல்லது. சாவியைப் போட்டார், திருகவில்லை. கண்ணாடியில் அவள் தெரிந்தாள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடிக்கட்டும் என்று இருந்தார். குடித்து முடித்தாள், வாயைத் துடைத்தாள், மூடியைத் திருகினாள்.

"போவோமா யப்பா?" என்றாள்.

பலவேசம் அந்த வார்த்தைக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்துப் பார்த்தார்.